பிரளயத்துக்குத் தேதி போட்டவர்

உலகத்தைப் படைத்ததில் தேதி இடிக்கிறது, ஒரு நடை வந்துவிட்டுப் போகவும் என்று பாதிரியாருக்கு ஆள் சொல்லிவிட்ட ஒருவரோடு நான் ஆறு வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம் அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள். நான் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பேன், அவர் புரூப் பார்ப்பார். முதலாளியிலிருந்து கட்டிங் மிஷின்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் புரூப் அக்காதான். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். நெட்டையான, ஒல்லியான உடம்பு. மூக்குக்கண்ணாடியை நாடாவில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வரிக்குக் கீழே ஒரு மர ஸ்கேலை வைத்து, பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கி மேலே வாசித்துக்கொண்டு போவார். மேலிருந்து கீழே வாசித்தால் அர்த்தத்தில் மயங்கிப் பிழையை விட்டுவிடுவோம் என்பது அவர் கட்சி.

எங்கள் அச்சகத்தில் எல்லாச் சாமிக்கும் ஒரே மிஷின்தான். ஒரு வருடம் ஒரு தேவாலயத்திலிருந்து தினசரிக் காலண்டருக்கு ஆர்டர் வந்தது. ஜனவரி முதல் ஏழு தாளிலும் படைப்பின் ஏழு நாளையும் போடச் சொல்லியிருந்தார்கள். ஒன்றாம் தேதித் தாளில் ஒளி. நான்காம் தேதித் தாளில் சூரியனும் சந்திரனும். நான் கோத்துக் கொடுத்துவிட்டேன். அக்கா ஸ்கேலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சூரியனே நாலாந்தேதிதான் வருது. மொத மூணு தாள்லயும் சூரிய உதயம் ஆறு மணி சொச்சம்னு போட்டிருக்க. எங்கன இருந்து உதிச்சுச்சு?"

எல்லாத் தாளிலும் உதய நேரம் தானாக வந்து விழும்படி நாங்கள் வைத்திருந்தோம். நான் அதைச் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. அன்றைக்கே ஆள் போனது. பாதிரியார் மறுநாள் மொபெட்டில் வந்தார். நல்ல மனிதர், கோபம் வராது. அக்கா அவருக்கு நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, மிகுந்த மரியாதையோடு இதே கேள்வியைக் கேட்டார். அந்த நாட்கள் நம் நாட்களைப் போன்றவை அல்ல, கர்த்தருக்கு ஒரு நாள் என்பது ஆயிரம் வருடமாகவும் இருக்கலாம் என்று பாதிரியார் பொறுமையாக விளக்கினார்.

அக்கா அதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்பத் தாளை எப்பக் கிழிக்கிறது, ஃபாதர்?" என்றார்.

பாதிரியார் டீயைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த வருடம் அந்தத் தேவாலயத்துக் காலண்டரில் ஜனவரி ஒன்று, இரண்டு, மூன்று தேதிகளுக்குச் சூரிய உதயம் கிடையாது. ஒருவரும் கேட்கவில்லை. அக்காவுக்கு மட்டும் அந்த மாதம் முழுக்க முகம் தெளிவாக இருந்தது.

அவர் சாமி இல்லை என்கிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை விரதம் விட மாட்டார். பங்குனிப் பொங்கலுக்கு வருடம் தவறாமல் தீச்சட்டி எடுப்பவர். ஒரு தடவை சிவன் கோயிலில் பிரசங்கம் செய்ய வந்தவர், தாமரையில் பிறந்த பிரம்மா தண்டுக்குள் இறங்கி நூறு வருடம் போயும் அடிவேரைக் காணவில்லை என்று உருகிச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கூட்டத்தில் எழுந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் இறங்கினார் என்று ஏட்டில் இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். ஏன் இப்படி நம்பாமல் கேட்கிறீர்கள் என்று திரும்பும் வழியில் நான் கேட்டேன்.

"நம்பலேன்னு யாரு சொன்னா? நம்பப் போயித்தான புள்ள கேக்குறேன். நடக்காத ஒண்ணுக்கு எவளாச்சும் அளவு கேப்பாளா?"

எல்லாம் நடந்தது என்று அவர் திடமாக நம்பினார். உலகத்தில் எத்தனை மதம் உண்டோ அத்தனையும் ஒரே காப்பியை, அதாவது ஒரே மூலப் பிரதியை, பார்த்து அடித்த புரூப் என்பது அவர் கண்டுபிடிப்பு. முதலில் இருட்டு, எங்கும் தண்ணீர், பிறகு ஒரு சத்தம் அல்லது வெளிச்சம், பிறகு மண்ணும் தண்ணீரும் தனித்தனியாகப் பிரிவது, இதெல்லாம் எல்லாப் படியிலும் ஒத்துப்போகிறது. முட்டை உடைந்ததா, வாயால் சொன்னதா என்பதெல்லாம் கோத்தவன் கை தடுமாறியது. காப்பி காணாமல் போய்விட்டது. படிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் காப்பியில் என்ன இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

அதற்காக ஒரு நோட்டு வைத்திருந்தார். மிஷினில் ஓடிக் கெட்டுப்போன தாள்களை அடுக்கி அவரே தைத்தது. ஒரு பக்கம் ஏதாவதொரு வருடத்துக் கார்த்திகை மாதம் இருக்கும், மறுபக்கம் அவர் எழுத்து இருக்கும். யார் சொன்னது, அதற்கு முன் என்ன இருந்தது, கூட யார் இருந்தார்கள், எத்தனை நாள் ஆனது, எங்கே தப்பு நடந்தது என்று கட்டம் போட்டு எழுதுவார். யாரைப் பார்த்தாலும் கேட்பார். அட்டைப்பெட்டி கம்பெனி பாயிடம் நூஹு நபியின் கப்பலைப் பற்றி விவரமாகக் கேட்டு எழுதியிருந்தார். பெட்டிகளின் அளவைச் சரிபார்க்க வந்த பாய், கப்பலின் அளவைச் சொல்லிவிட்டுத்தான் போக முடிந்தது.

வெடி லோடு ஏற்ற வடக்கேயிருந்து வரும் லாரி டிரைவர்களையும் அவர் விட்டதில்லை. ஒரு நாள் பக்கத்துக் குடோன் வாசலில் ஜார்கண்ட் டிரைவர் ஒருவர் ஸ்டவ்வில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். இங்கே வந்து வந்து அரைகுறைத் தமிழ் பேசுவார். உங்கள் ஊரில் உலகம் எப்படி உண்டானது என்று அக்கா கேட்டார். லோடுக்குப் பில் கேட்கிறார் என்று நினைத்து அவர் முதலில் காகிதங்களை எடுத்து நீட்டினார். விஷயம் புரிந்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கும் தண்ணீராக இருந்ததாம். நண்டு போய் மண் எடுத்து வந்ததாம், வழியிலேயே கரைந்துபோனதாம். கடைசியில் மண்புழு அடியில் போய் மண்ணைத் தின்று, மேலே வந்து ஆமை முதுகில் கழித்ததாம். அதுதான் பூமி. தன் பாட்டனார்களுக்கெல்லாம் இது தெரியும் என்று சொல்லி அக்காவுக்கு ஒரு ரொட்டியும் கொடுத்தார்.

அக்கா ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். நம் புராணத்தில் பன்றி தண்ணீருக்குள் போய்ப் பூமியைத் தூக்கி வந்ததும், அவர்கள் ஊரில் புழு மண்ணெடுத்ததும் ஒன்றுதான் என்றார்.

"கண்மாய் வத்துற சமயத்துல பன்னி கோரைக்கெழங்கு தோண்டுறதப் பாத்திருக்கியா? மூக்குல மண்ணோடதான் நிமிரும். பாத்தவன்தான் சொல்லியிருக்கான். இது கண்மாய்ல நடந்த சங்கதி. எந்தக் கண்மாய்னுதான் தெரியல."

அதற்குப் பிறகு இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை தோறும் சுற்றுவட்டாரக் கண்மாய்களுக்கு டவுன் பஸ்ஸில் போய் வந்தார். ஒவ்வொன்றிலும் பன்றி இருந்தது. அதனால் எதையும் தள்ளிவிட முடியவில்லை என்று வருத்தப்பட்டார்.

அவருக்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் விஸ்வநத்தத்தில் வீட்டோடு எல்லாரும் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவார்களாம். பழைய தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். பாடப் புத்தகம், வாரப் பத்திரிகை, எல்லாம் பாதியில் வெட்டிய துண்டுகள். இவர் ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டுத்தான் உருட்டுவார். ராஜா காட்டுக்குள் போவார், துண்டு முடிந்துவிடும். மீதிக் கதையை அடுத்த கட்டில் தேடுவார், கிடைக்காது.

"தீவாளிக்கு ஊரே வெடிக்கும்போது எனக்கு மட்டும் அழுகையா வரும். மீதிக் கதையெல்லாம் போகுதேன்னு" என்றார். சொல்லிவிட்டு ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்திக்கொண்டார்.

பிரளயத்துக்கு வருகிறேன். உலகம் உண்டானதற்குத் தேதி கிடைக்காவிட்டாலும் அது அழிந்ததற்குக் கிடைக்கும் என்று ஒரு கட்டத்தில் அவருக்குத் தோன்றியது. உண்டாகும்போது பார்க்க ஆளில்லை, அழியும்போது ஆட்கள் இருந்தார்கள் அல்லவா. ராஜாவின் படகை மீன் இழுத்துப் போன நம் கதை, நோவாவின் பேழை, பாய் சொன்ன கப்பல், தெற்கே ஊர்களைக் கடல் கொண்ட கதை, எல்லாவற்றையும் கட்டத்தில் போட்டார். எங்கும் தேதி இல்லை. பைபிளில் மட்டும் இருந்தது. இரண்டாம் மாதம், பதினேழாம் தேதி. பாதிரியார் அதைச் சொன்னபோது அக்கா எழுந்து நின்றுவிட்டாராம். முதல் மாதம் எது என்று கேட்டதற்கு, பல அபிப்பிராயம் உண்டு, நம் பங்குனி சித்திரை வாக்கில் வரும் என்று சிலர் சொல்வார்கள் என்று பாதிரியார் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அது போதும். முதல் மாதம் சித்திரை என்றால் இரண்டாவது வைகாசி. வைகாசி பதினேழு. ஆங்கிலத்தில் மே மாதக் கடைசி.

எங்கள் ஊரில் மே மாதக் கடைசி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். கத்திரி வெயில் அப்போதுதான் முடிந்திருக்கும். கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும். தண்ணீர் லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடும். இந்த மாதத்திலா பிரளயம் என்று நான் கேட்டேன். எதிர்பார்த்த மாதத்தில் வந்திருந்தால் எல்லாரும் தப்பித்திருப்பார்களே என்றார்.

அந்தச் சமயம் ஏழாயிரம்பண்ணையில் ஒரு மளிகைக் கடைக்குக் காலண்டர் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வட்டாரத்தில் வெடி ஆபீசுக்கு, அதாவது பட்டாசுத் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போகிற அத்தனை வீட்டுக்கும் அந்தக் கடைக் காலண்டர்தான் மாட்டியிருக்கும். வைகாசி பதினேழாம் தேதித் தாளின் ஓரத்தில் அக்கா தனக்காகப் பென்சிலில், 'பிரளயம் தொடங்கிய நாள்?' என்று குறித்து வைத்திருந்தார். நான் அதைத் திருத்தம் என்று நினைத்துத் தாளுக்குள் ஏற்றிவிட்டேன். கேள்விக்குறிக்கு அந்த வரியில் இடம் பற்றவில்லை. எடுத்துவிட்டேன். இரண்டாவது புரூப் அவரிடம் போனது. கையெழுத்தோடு திரும்பி வந்தது.

பிறகு அதைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கிறேன். பார்த்தீர்களா இல்லையா என்றேன். பார்த்தேன், அதில் எழுத்துப் பிழை எதுவும் இல்லையே என்றார்.

அடுத்த வருடம் அந்தத் தேதி வந்தது. காலை பத்து மணிக்கு அச்சகத்தில் போன் அடித்தது. நடந்ததெல்லாம் துண்டுதுண்டாகத் தெரியவந்தது. விடியற்காலையில் ஏழாயிரம்பண்ணை வீடுகளில் தாளைக் கிழித்தவர்கள் அந்த வரியைப் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்குப் பிரளயம் தொடங்கிய நாள் என்றால் வெளியே போகலாமா கூடாதா என்று பேச்சு எழுந்து, அம்மன் கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அது தண்ணீருக்கு உரிய நாள், அன்றைக்குத் தீ சம்பந்தப்பட்ட எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். வெடி ஆபீசில் தீ சம்பந்தப்படாதது எது? வேன்கள் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் காலியாகத் திரும்பின. வெடிமருந்து கலந்து வைத்திருந்த போர்மேன் அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். அன்றைக்கு வானத்தில் ஒரு துணுக்கு மேகம்கூடக் கிடையாது.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். எந்தப் பஞ்சாங்கத்தில் இது இருக்கிறது என்று அக்காவிடம் கேட்டார். அக்கா நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். முதலாளி அதில் கட்டங்களையும், மண்புழுவையும், பாயின் கப்பலையும் வரிசையாகப் பார்த்தார். நான்காவது பக்கத்தில் நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தாளில் ஏற்றியது நான்தான் என்று சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. அந்த வெடி ஆபீஸ் மேனேஜரைப் பார்த்து இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொன்னார்.

நாங்கள் போனோம். மேனேஜர் தூக்கம் கெட்ட மனிதராகத் தெரிந்தார். திட்டவே இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார், இது இந்த வருடத்தோடு சரியா, அடுத்த வருடமும் உண்டா என்று.

அக்கா யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "பிரளயம் ஒருவாட்டிதான் வந்துச்சு சார். ஆனா தேதி வருசா வருசம் வரும்ல."

அதன் பிறகு முதலாளி அவரைக் காலண்டர் பக்கமே விடவில்லை. வெடி லேபிள்களுக்கு மாற்றிவிட்டார். சேவல், மயில், ராக்கெட்டில் பறக்கிற குழந்தை, கீழே இரண்டு வரி எச்சரிக்கை. கையில் பிடித்துக் கொளுத்தாதே. தூரத்தில் நின்று கொளுத்து. நாள் முழுக்க அதையே கீழிருந்து மேலாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், இதில் ஒரு ஆளும் இல்லை, என்ன ஆனது என்றும் இல்லை, இதை எப்படி புள்ள படிக்கிறது என்று கேட்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த காலண்டரில் வைகாசி பதினேழாம் தேதிக்குக் கீழே எதையும் போடக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் தேதியை மட்டும் விட்டு மற்றதை வெறுமையாக வைத்தேன். அந்த நாள் வந்தது. வேன்கள் மறுபடியும் காலியாகத் திரும்பின. எப்படி என்று மளிகைக்கடைக்காரர் விசாரித்திருக்கிறார். ஒன்றுமே போடாததைக் காட்டி, பிரளயம் என்றால் ஒன்றுமே இருக்காது, அதனால்தான் இந்தத் தடவை சுத்தமாக விட்டிருக்கிறார்கள் என்று சனங்கள் சொன்னார்களாம்.

மூன்றாவது வருடம் மேனேஜர் வேலையாட்களோடு சண்டை போடுவதை விட்டுவிட்டார். அதற்கு முந்தின ஞாயிறு வேலைக்கு வந்துவிட்டால் அன்றைக்கு லீவு என்று அவரே அறிவித்தார். பெண்கள் குடம் எடுக்கிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். பக்கத்து ஊரான தாயில்பட்டியிலும் ஆரம்பித்துவிட்டார்கள் என்றார்கள்.

அந்த ஆடிப்பெருக்குக்குப் கடைக்காரர்கள் மாதிரி பார்த்து ஆர்டர் கொடுக்கிற புதுக் காலண்டர் ஆல்பம் போட்டதும் மளிகைக்கடைக்காரர் நேரில் வந்தார். மற்றக் கடைக் காலண்டர்களில் பிரளய நாள் கிடையாது, நம்முடையதில்தான் உண்டு என்று சனங்கள் கேட்டு வாங்குகிறார்கள், இந்தத் தடவை மறக்காமல் சிவப்பு எழுத்தில் போட்டுக் கொடுங்கள் என்றார். கூடவே இன்னும் நான்கு கடைக்காரர்களை அழைத்து வந்திருந்தார். முதலாளி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். லேபிள் போதும், காலண்டருக்கு வாருங்கள், வைகாசி பதினேழை அந்த வட்டாரத்து ஆர்டர் எல்லாவற்றிலும் போடுங்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அக்கா முடியாது என்றுவிட்டார். அறையில் நான், முதலாளி, ஐந்து கடைக்காரர்கள். எல்லாரும் அவரையே பார்த்தோம்.

"அது நான் பென்சில்ல சந்தேகமா எழுதுனது, மொதலாளி. காப்பி இல்லாம எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

முதலாளிக்குக் கோபத்தில் பேச்சு குழறியது. உலகத்தில் இல்லாத காப்பிக்கு அவர் எங்கே போவார்? கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லாவிட்டால் வீடு என்றார். எடுத்தெறிந்து பேசுகிறவர் அல்ல. சீசன் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். அக்காவுக்கு வேறு வருமானம் கிடையாது, கூட இருப்பது படுத்த படுக்கையாக ஒரு தம்பி மட்டும். அது எல்லாருக்கும் தெரியும். அச்சகம் பெரியது, லேபிளுக்குப் போகும்வரை அவர் பார்க்காத தாள் மிஷின் ஏறாது என்று பத்து வருடம் நடந்த வழக்கம் அதைவிடப் பெரியது. அதை மீற முதலாளிக்கும் ஒரு பயம் இருந்தது. அதனால் அந்த ஒரு தாளை மட்டும் சீசன் கடைசிவரை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். ஐந்து கடையின் காலண்டர் வேலையும் அந்தத் தாளுக்காகக் காத்துக் கிடந்தது.

ஐப்பசி வந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டார். ஊர்க்காரர்களிடம் நேரில் போய் இது தப்பாக வந்த வரி என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். சொன்னால் அவர்களே விட்டுவிடுவார்கள், தாளும் சுத்தமாகிவிடும். தாளில் ஏற்றியவள் என்பதால் நானும் வர வேண்டும். நோட்டையும் எடுத்துக்கொண்டார்.

தீபாவளி முடிந்து ஆபீஸ்களுக்கு விடுமுறை விட்டிருந்த சமயம். ஏழாயிரம்பண்ணையில் இறங்கிக் காலனித் தெருவுக்குள் போனோம். வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் தலை உலர்த்திக்கொண்டும் கீரை ஆய்ந்துகொண்டும் இருந்தார்கள். வெளியூர் ஆட்கள் என்றதும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே, சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் இருந்து வருகிறோம், வைகாசி பதினேழு பிரளய நாள் என்று போட்டது நான்தான், அது சரியா என்று எனக்கே தெரியாது, நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று சொல்லி முடித்தார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் கருத்த, கனத்த குரலுள்ள ஒருத்தி கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். மருந்து ரூமுக்கு வெளியே திரி வெட்டுகிற வேலை பார்ப்பவள் என்று பிறகு தெரிந்தது.

"நீங்க போட்டீகளா? நல்லாச் சொல்றீக. எங்க மாமியாளுக்கு மாமியா காலத்துல இருந்து இருக்குற நாளு அது."

அக்கா மூன்று வருடம்தான் ஆகிறது என்றார். அவள் விடவில்லை. இந்தக் கண்மாய் அந்தக் காலத்தில் இதைவிட நான்கு மடங்காம். இதே வைகாசியில், மழையே இல்லாமல், வெயில் நேரத்தில் கரை உடைந்ததாம். வேலைக்குப் போன அத்தனை பேரையும் தண்ணீர் அள்ளிப் போய்விட்டதாம். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த ஒருத்தி மட்டும் ஒரு பெரிய தவலைக்குள் ஏறி உட்கார்ந்து, கண்மாய்க்குள் இருக்கும் பாறையில் போய் ஒதுங்கினாளாம். அவள் வயிற்றில் பிறந்தவர்கள்தான் இந்த ஊர் முழுக்க.

தவலை இல்லை, மருந்து வருகிற தகர டிரம் என்றாள் இன்னொருத்தி. அந்தக் காலத்தில் மருந்து ஏது என்று முதலாமவள் சண்டைக்குப் போனாள். அவள் கூட ஒரு ஆடும் இருந்தது என்றாள் மூன்றாமவள். ஆட்டை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

மன்னிப்புக் கேட்க வந்த அக்காவின் முகம் வெயிலில் வெளிறிவிட்டதைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. பிறகு மண்ணில் உட்கார்ந்தார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆடு ஆணா, பொட்டையா?" என்று கேட்டார்.

மதியம்வரை கேட்டு எழுதினார். பாறையைப் பார்க்க வேண்டும் என்றதும் எல்லாரும் கிளம்பினார்கள். வெறும் கையோடு பாறைக்குப் போகக் கூடாது என்று கனத்த குரல்காரி சொன்னாள். குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்ற வேண்டும், அதுவும் வெளியூர்க்காரர் கையால் முதல் குடம் ஊற்றினால்தான் விசேஷம். இந்த வழக்கம் எப்போதிருந்து என்று அக்கா கேட்டார்.

"ஆதியில இருந்தே அப்படித்தான்" என்றாள் அவள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள்.

அக்கா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அடிபம்பில் நிரப்பிய பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வாங்கிக்கொண்டார். ஐப்பசியாகியும் அந்த வருடம் மழை இறங்கவில்லை. கண்மாய் காய்ந்து, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அவர் குடம் சுமந்து பழகாதவர். கண்ணாடி இல்லாமல் கட்டியும் குழியும் தெரியவில்லை. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு வாய் தண்ணீர் சிந்தியது. சேலை முழங்கால்வரை நனைந்துவிட்டது. பின்னால் பெண்கள் குலவை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆள் உயரம்கூட இல்லாத ஒரு பாறை. மேலே ஒரு பள்ளம், அதுதான் ஆட்டின் குளம்பு என்றார்கள். அக்கா அதில் தண்ணீரை ஊற்றினார். அது வழிந்து மண்ணில் இறங்குவதைக் கடைசிச் சொட்டுவரைக்கும் நின்று பார்த்தார்.

பஸ்ஸில் அக்கா நனைந்த சேலை நுனியைப் பிழிந்துகொண்டே வந்தார். சாத்தூர் ரோடு பிரியும் இடத்தில் என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி சிந்தாமக் கொண்டு போனேனா புள்ள?"

அவர் அப்படிக் கேட்டபோது தலைமுடியெல்லாம் தூசியாக இருந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்றேன். பாதிக் குடத்துக்கும் குறைவாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் நான் போவதற்குள் அவர் வந்து அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். வைகாசி பதினேழு, பிரளயம் தொடங்கிய நாள், சிவப்பு எழுத்து. காப்பி எங்கிருந்து வந்தது என்று குறிக்கிற ஓரத்தில், நேரில் விசாரித்தது என்று எழுதி, சாட்சி என்று என் பெயரைப் போட்டிருந்தார்.